ஐந்தரை வீடு

தோழி ரக்ஷனா ஆற்றுக்கு அப்பால் உள்ள லவால் நகருக்குக் குடிபோன நாளிலிருந்து ஆர்த்திகாவுக்கு மாலைப் பொழுதுகள் நீண்டுவிட்டன. பள்ளி விட்டு வந்ததும் எதிர் வீட்டுக் கதவைத் தட்டக் கையைத் தூக்குவாள். பிறகுதான் நினைவு வரும். இப்போது அங்கே ஒருவர் பூனையோடு இருந்தார். பூனை நல்ல பூனைதான். ஆனால் அதற்குச் சீட்டு விளையாடத் தெரியாது.

ரக்ஷனாவின் குடும்பம் சென்னையிலிருந்து வந்தது. அவர்கள் இருந்தது மூன்றரை வீடு. மொன்ட்ரியாலில் அப்படித்தான் சொல்வார்கள். கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாவற்றையும் எண்ணி, குளியலறைக்கு மட்டும் அரை போடுவார்கள். ரக்ஷனா கூடத்துச் சோபாவில்தான் தூங்குவாள். இரட்டைத் தம்பிகள் பிறந்ததும் வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஒரு ஐந்தரை வீட்டுக்காக, தாங்கள் இருந்த சென்ட் லோரன்ட் பகுதி முழுவதும் அலைந்தார்கள். கிடைக்கவில்லை. போய்விட்டார்கள்.

அதனால்தான், தெருக்கோடியில் பழைய கிடங்கு இருந்த வெறுங்காணியில் பெரிய பெரிய அடுக்குமாடிகள் கட்ட நகரசபை திட்டமிடுகிறது என்று கேள்விப்பட்டதும் ஆர்த்திகா துள்ளிக் குதித்தாள். அவ்வளவு வீடுகளில் ஒன்று ரக்ஷனாவுக்குக் கிடைக்காதா?

தெருவில் வேறு யாரும் துள்ளவில்லை. கீழ் வீட்டு அன்டன் மாமா, தன் பால்கனித் தக்காளிக்கு வெயிலே வராது என்று புலம்பினார். பேருந்தில் நிற்கக்கூட இடமிருக்காது என்றார் அம்மா. அப்பா அருமைநாதனுக்குக் கார் நிறுத்துகிற கவலை. நகரசபைக் கூட்டத்தில் அதைக் கேட்கப் பெயர் கொடுத்திருந்தார்.

"நானும் வாறன் அப்பா."

"அது பெரிய ஆக்கள் கதைக்கிற இடம், பிள்ளை. உனக்கு அலுப்படிக்கும்."

அலுப்படித்தாலும் பரவாயில்லை என்று அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டாள்.

மண்டபத்துச் சுவரில் புதிய கட்டடங்களின் படங்கள் தொங்கின. படங்களில் மரங்கள் இருந்தன. நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளைத்தான் காணவில்லை. ஆர்த்திகா ஒவ்வொரு கட்டடத்தின் கீழும் பிரெஞ்சில் எழுதியிருந்ததை வாசித்தாள். இரண்டரை, மூன்றரை, அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலரை. ஐந்தரை எங்குமே இல்லை. மறுபடி முதலிலிருந்து தேடினாள். அவள் முகம் வாடிவிட்டது.

அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அவரும் குனிந்து பார்த்தார். இல்லைத்தான்.

"நீங்கள் அதைக் கேக்கிறியளா அப்பா?"

அப்பா தலையைச் சொறிந்தார். ஆளுக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம். அதற்குள் அவருடைய பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் எழுந்தார். மகளைப் பார்த்தார்.

"கார் எங்கையாவது நிக்கும். நீயே போய்க் கேள்."

ஒலிவாங்கி அவள் தலைக்கு மேலே இருந்தது. யாரோ வந்து அதைத் தாழ்த்திவிட்டார். என் தோழி வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள், இந்தக் கட்டடங்களில் அவர்கள் எந்த வீட்டில் இருக்கலாம் என்று ஆர்த்திகா பிரெஞ்சில் கேட்டாள்.

மேடையிலிருந்த பெண் தாள்களைப் புரட்டினார். அப்படி ஒரு வீடு இந்தத் திட்டத்தில் இல்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது அன்டன் மாமாவின் முறை. அவர் தக்காளியைப் பற்றிப் பேசவேயில்லை. தன் மகளும் மூன்று பிள்ளைகளோடு வீடு கிடைக்காமல் வேறு ஊருக்குப் போய்விட்டதைச் சொன்னார். கட்டுவதென்றால் குடும்பங்களுக்கும் கட்டுங்கள் என்றார். அவருக்குப் பின் பேசிய பலரும் அதையே கேட்டார்கள்.

பனிக்காலம் முடியும்போது திட்டம் மாறி வந்தது. கட்டடங்கள் கொஞ்சம் உயரம் குறைந்திருந்தன. ஐந்தரை வீடுகளும் இருந்தன. ஆர்த்திகா உடனே தொலைபேசியை எடுத்தாள்.

"கட்டி முடிக்க எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டாள் ரக்ஷனா.

"அஞ்சு வருஷமெண்டு அப்பா சொல்லுறார்."

"அப்போ நமக்குப் பதினஞ்சு வயசு ஆயிடுமே."

"ஓம். அப்பவும் வா."

அந்தப் பக்கம் ஒரு தம்பி அழத் தொடங்கினான்.

"வரேன்," என்றாள் ரக்ஷனா.

பிறகு இருவரும் எந்த மாடி நல்லது என்று பேசத் தொடங்கினார்கள். நகரம் முழுவதும் தெரிகிற உச்சி மாடிதான் வேண்டும் என்றாள் ரக்ஷனா. ஆர்த்திகா இரண்டாம் மாடியே போதும் என்றாள். அங்கிருந்தால்தான், ரக்ஷனா ஜன்னலில் நின்று கூப்பிட்டால் தன் வீட்டில் கேட்கும்.