நெட்டை ஜேக்கின் பூட்ஸ்

பென்சில் சீவியிருந்தது. நடீனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கணவர் ஓர்வல் செத்து மூன்று மாதமாகிறது. அவருடைய பிக்கப் வண்டியை யாரும் தொடவில்லை. இன்று காலை ஒக்லஹோமாவில் கிளம்பும்போதுதான் முன்னால் இருந்த டிராயரைத் திறந்தாள். தச்சர்கள் காதில் செருகிக்கொள்ளும் தட்டைப் பென்சில், விரல் நீளம்கூட இல்லை, கூர் மட்டும் புதுசு. அதற்கடியில் முயல் படம் போட்ட கெட்டி அட்டைப் புத்தகம். அவர்கள் மகள் ட்ரூடியின் புத்தகம். அவளோடு சேர்ந்து அதுவும் தொலைந்துவிட்டதாகத்தான் முப்பத்திரண்டு வருஷமாக நினைத்திருந்தாள்.

ஜூன் மாதம் ஒரு வாரம், மீன் பிடிக்கப் போகிறேன் என்று மனுஷன் தனியாகக் கிளம்பிவிடுவார். ஒரு மீன்கூட வீடு வந்து சேர்ந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டால் ட்ரூடி பேச்சு வரும், அப்புறம் இரண்டு நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சாவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஜூன்ல நீ போயிடு நடீன். ஜேக் கிட்ட. புள்ள காத்துக்கிட்டு நிக்கும்." மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்றாள் நர்ஸ்.

அறுபத்தாறாம் நம்பர் பழைய ரோட்டில் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. வால் உடைந்த சிமெண்ட் டைனோசர் போயிற்று, பாம்புப் பண்ணை போயிற்று. பத்து மைலுக்கு ஒன்றாக மஞ்சள் பலகை வந்தது, ரோட்டோரம் நிறுத்தியிருந்த ராட்சத மனுஷச் சிலைக்கு வழி சொல்லி. 'நெட்டை ஜேக் - 30 மைல்.' 'நெட்டை ஜேக் - 20 மைல்.' மற்ற பலகைகளெல்லாம் பெயிண்ட் உரிந்து பல்லிளித்தன. ஜேக்கின் பலகைகளில் மட்டும் யாரோ எழுத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டியிருந்தார்கள், தச்சுப் பென்சிலால்.

கடைசிப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டல். கல்லாவில் இருந்த லவோன் வண்டியைப் பார்த்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஓர்வல் வீட்டம்மாவா நீங்க? அவரு எங்க?"

"மார்ச்ல தவறிட்டாரு."

"அடப்பாவமே." லவோன் கையைத் துடைத்துக்கொண்டாள். "தங்கமான மனுஷன். வருஷா வருஷம் ரெண்டு மில்க் ஷேக் வாங்குவாரு. சாக்லேட் ஒண்ணு, ஸ்ட்ராபெர்ரி ஒண்ணு. எந்த ராணிக்கு அந்த ஸ்ட்ராபெர்ரின்னு கிண்டல் பண்ணுவேன். சிரிக்க மாட்டாரு. ஆனா ரெண்டு கப்பும் காலியாத்தான் திரும்பி வரும்."

ஓர்வலுக்கு ஸ்ட்ராபெர்ரி ஒத்துக்கொள்ளாது. வாயில் வைத்தால் உதடு வீங்கிவிடும்.

நடீன் ஒன்று வாங்கிக்கொண்டாள். ஸ்ட்ராபெர்ரி.

பத்து மைல். ஒவ்வொரு மைலும் அந்த மத்தியானத்தையே கொண்டுவந்து முன்னால் போட்டது. வருஷா வருஷம் தாத்தா வீட்டுக்குப் போகும் வழியில் சிலையின் பூட்ஸில் ட்ரூடியைச் சாய்த்து நிறுத்தி, தலையில் புத்தகத்தைப் படிய வைத்து, ஓர்வல் உயரக் கோடு போடுவார். பக்கத்தில் வருஷத்தை எழுதுவார். ஏழு வயசுக் கோடு போட்டு முடித்ததும் கிளம்பினார்கள். வண்டிக்குப் பின்னால் இழுத்துவரும் டிரெய்லர் வீட்டில்தான் குழந்தை எப்போதும் படுத்துவரும், அந்தக் காலத்தில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான். "ஏறிட்டாளா?" என்று ஓர்வல் கேட்டார். "ஏறிட்டா," என்றாள் நடீன். திரும்பிப் பார்க்கவில்லை. நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது மைல் தாண்டி டிரெய்லரைத் திறந்தபோது போர்வை மட்டும் இருந்தது. திரும்பி வந்தபோது பூட்ஸ் மட்டும் இருந்தது. போலீஸும் நாய்களும் பத்து நாள் தேடின. ஓர்வல் ஒரு நாள்கூட அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ட்ரூடியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு தூரம்.

பொழுது சாய்கிற நேரத்தில் பூட்ஸ் தெரிந்தது. புயலில் ஜேக்கின் உடம்பு எப்போதோ பறந்துவிட்டது. முழங்கால்வரை இரண்டு சிமெண்ட் பூட்ஸ், ஒவ்வொன்றும் வீட்டுக் கூரை உயரம். இன்ஜினை நிறுத்தியதும் தூரத்து நெடுஞ்சாலை இரைச்சலும் நின்றது. பென்சிலையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். காய்ந்த புல் வாசனை, துருவாசனை, கையில் வியர்க்கிற கப்பின் ஸ்ட்ராபெர்ரி வாசனை.

இடது பூட்ஸில் நாலு வயசுக் கோடு. ஐந்து. ஆறு. ஏழு.

ஏழுக்கு மேல் ஒன்றுமில்லை. ஏழு வயசுக் கோடுதான் விரல் நுழையும் அளவுக்குக் குழிந்திருந்தது. பக்கத்தில் வருஷங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஓர்வலின் கையெழுத்தில். முப்பத்திரண்டு வருஷம், ஒரே உயரம்.

நடீன் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வருஷா வருஷம் இவர் மட்டும் தனியாக வந்து நின்றாரே என்று அழுதாள்.

பக்கத்தில் உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஸ்ட்ரா காலிக் கப்பின் அடியைத் தட்டும் சத்தம்.

கப்பைக் கீழே வைத்தது அவளுக்கு நினைவில்லை.

எழுந்தாள். வலது பூட்ஸ். அதில் என்றைக்கும் கோடு கிடையாது. இப்போது ஒன்று இருந்தது, ஆறடி உயரத்தில். பக்கத்தில் கோணல்மாணலாக, குழந்தைக் கையெழுத்து. 'அப்பா.' அதற்குப் பக்கத்தில் இந்த வருஷம்.

மார்ச்சில் செத்த மனுஷன்.

கொஞ்சம் கீழே இன்னொரு சொல். 'அம்மா.' கோடு இல்லை.

வண்டி இருபதடிதான். சாவி பையில்தான். கால் அந்தப் பக்கம் திரும்பியது.

"திரும்பிப் பாக்காமயே போயிடுவியாம்மா?"

கால் நின்றுவிட்டது.

"மன்னிச்சிடு கண்ணு," என்றாள் நடீன். "நீ ஏறிட்டேன்னு நெனைச்சுட்டேன். பாக்காம சொல்லிட்டேன்."

விரலிடுக்கிலிருந்து பென்சில் உருவப்பட்டது. அப்புறம் புத்தகம்.

"நேரா நில்லு."

நின்றாள். குதிகால் சிமெண்டில். முதுகு சிமெண்டில். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

உச்சந்தலையில் புத்தகம் சில்லென்று படிந்தது. நாலடிகூட இல்லாத பிள்ளை. அதன் மூச்சு இன்னும் இவள் இடுப்புக்குப் பக்கத்தில்தான் பட்டது. ஆனால் வயிற்றை உரசி, நெஞ்சை உரசி, கழுத்தைத் தாண்டி, ஒரு மெலிந்த கை மேலே போய்க்கொண்டே இருந்தது.

தலைக்குப் பின்னால் பென்சில் கீறத் தொடங்கியது.