கலியாணக் கசட்

ஸலாஹுதீன் கட்டாரிலிருந்து வந்து, நாலு வருடத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடந்த தன் ரேடியோக் கடையைத் திறந்ததும் எனக்கு ஆளனுப்பினான். சுனாமிக்கு முந்திய வாரம் திருத்தக் கொடுத்த எங்கள் வீடியோ டெக் அங்கேயே கிடந்ததாம். சிக்கிய கசட்டும் உள்ளேயே இருந்தது.

அது என் மகள் ஷாஹினாவின் கலியாணக் கசட். சாய்ந்தமருதில் கடல் ஏறிய காலையில் அவளும் போனாள், வீட்டிலிருந்த போட்டோக்களும் போயின. அவள் முகம் மிஞ்சியிருந்தால் அதற்குள்தான்.

ஆனால் அதன்மேல் ஒரு இங்கிலீஷ் சண்டைப்படத்தைப் பதிந்து வைத்திருந்தேன். வேறு யார், இந்தப் புத்திசாலிதான். எண்பத்தேழில் வாடகை டெக்கில் வாய் பிளந்து பார்த்த படம் அது. மீசைக்காரன் ஒருவன், தோட்டா தீராத துவக்கு. டீவியில் திரும்பப் போட்டபோது வெற்றுக் கசட் கையில் இல்லை. அழியாமலிருக்க மூலை உடைத்து வைத்த கலியாணக் கசட்டில் செலோடேப் ஒட்டிப் பதிந்துவிட்டேன். படம் முடிந்த பிறகு நாலு நிமிடக் கலியாணம் தப்பியிருக்கும்.

“நாடா உக்கிப் போய்க் கிடக்கு, மீராசாக் காக்கா. வேகமா ஓட்டாதீங்க. ஒருக்காதான் தாங்கும்,” என்றான் ஸலாஹுதீன்.

அஸர் தொழுதுவிட்டு டெக்கை டீவியில் கொழுவினேன். மனைவி சித்தி லைலா முன்னால் வந்து உட்கார்ந்தாள். அந்த நாலு நிமிடத்துக்காக முழுப் படத்தையும் பார்த்தாக வேண்டும்.

மீசைக்காரன் பாலத்தில் நின்று சுட்டான். அட்டைப் பாலம் என்று இப்போதுதான் விளங்கியது. நூறு பேர் விழுந்தும் அவன் தலைமயிர் கலையவில்லை. யுத்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் லைலா முக்காட்டை இறுக்கினாள்.

பாலத்தின் கோடியில், புகைக்குள், ஒரு பெண் நின்றாள்.

கலியாண உடுப்பு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“மகள்...” என்றாள் லைலா.

மீசைக்காரனின் தோள் அவள் முகத்தை மறைத்தது.

“பழைய பதிவு கீழால தெரியுது, புள்ள.”

“கலியாணத்தண்டைக்கு அவள் நனையலியே.”

ஸலாஹுதீன் சொன்னது மறந்துபோய் பின்னால் ஓட்டினேன். இப்போது அவள் பாலத்தின் நடுவில் நின்றாள். டெக்குக்குள் நாடா கரகரத்தது. கை கேட்கவில்லை, இன்னொரு தரம் ஓட்டினேன்.

மீசைக்காரனுக்குப் பக்கத்தில் வந்திருந்தாள். மருதோன்றிக் கையை அவனிடம் நீட்டினாள். அவன் அவளைத் தாண்டி ஓடி, தன் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு குதித்தான்.

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். முகத்தின்மேல் நாடாவின் கீறல் கோடு கோடாக ஓடியது. வாய் திறந்தது. துவக்குச் சத்தம்தான் கேட்டது.

“தூக்குங்களன் அவள!” லைலா டீவியைப் பிடித்து உலுக்கினாள். “பாத்துக்கிட்டு இரிக்கீங்களே, தூக்குங்களன்!”

நான் என்ன செய்வேன்? டீவிக்கு முன்னால் முழங்காலில் நின்றேன்.

நாடா அறுந்தது.

வயரைக் கழற்றி டெக்கைத் திறந்தேன். மிச்ச நாடா விரல்பட்டதும் பொடியாக உதிர்ந்தது. இரண்டாம் முறையும் நானே அவளை அழித்துவிட்டேன்.

லைலா முக்காட்டு முனையால் டீவியின் கறுத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் மருதோன்றிக் கோலத்தோடு ஒரு கைத்தடம் ஈரமாக இருந்தது.

“போகுதில்ல,” என்றாள்.

நானும் துடைத்தேன். அது கண்ணாடிக்கு உட்பக்கம் இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் பக்கத்தில் மற்றக் கையும் பதிந்தது.