மடிக்க மடிக்கக் காணாமல் போன ஆப்பிள்

"ஆறு பழம் போட்டேன்னு சத்தியமா சொல்றீங்களா?"

"எண்ணித்தான்க்கா போட்டேன்!"

"அப்புறம் எப்படி நாலு வந்துச்சு? ரெண்டு எழுந்து நடந்து போயிடுச்சா?"

வாசலில் அத்தைக்கும் தள்ளுவண்டிப் பழக்காரருக்கும் சண்டை. கதவுக்குப் பின்னால் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றாள் பொடிசு. வயது ஒன்பது ஆகியும் வீட்டில் அவள் பொடிசுதான்.

நடந்தது இதுதான். அத்தை காலையில் பழ டார்ட் செய்ய ஆரம்பித்தாள். மைதா, வெண்ணெய், சர்க்கரை, ஆப்பிள். அவ்வளவுதான் சாமான். மாவைப் பெரிய வட்டமாகத் தேய்த்துவிட்டு, "ஆப்பிளை நறுக்கி நடுவுல அடுக்கு. ஓரத்தை ரெண்டு விரல் அகலத்துக்கு உள்பக்கமா மடிச்சு விடு. கோணலா இருந்தாலும் பரவாயில்ல" என்று சொல்லித் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள்.

பொடிசு ஆறு பழத்தையும் நறுக்கி அடுக்கினாள். சர்க்கரை தூவினாள். ஒரே ஒரு துண்டை வாயில் போட்டாள். அங்கே பள்ளம் தெரிந்தது. மாவைக் கொஞ்சம் இழுத்து மூடினாள். இன்னொரு துண்டு. இன்னொரு மடிப்பு. கடைசியில் டார்ட், வாய் கட்டிய மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஓவனிலிருந்து எடுத்து வெட்டினால் பாதிக்குமேல் வெறும் மாவு.

"பழம் எங்கடி?"

"நாலுதான் இருந்துச்சு அத்தை." யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

இப்போது வாசலில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, எடுத்ததை வண்டியிலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினார். பழக்காரர் முகம் சுண்டிப்போனது.

"சரிக்கா, நான்தான் தப்பா எண்ணியிருப்பேன். இந்தாங்க" என்று இரண்டு ஆப்பிளை நீட்டினார்.

பொடிசுக்குக் காது இரண்டும் சுட்டன. அவர் பதிலுக்குக் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சமையலறைக்கு ஓடினாள். குப்பைக் கூடையைக் கிளறி, விதையோடு ஒதுக்கிப் போட்ட நடுத்துண்டுகளைப் பொறுக்கித் தட்டில் வைத்து வாசலுக்கு வந்தாள்.

"எண்ணிப் பாருங்க அத்தை. ஆறு இருக்கு."

"அப்ப அந்த ரெண்டு பழம்?"

பொடிசு தலையைக் குனிந்து வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பிறகு சட்டென்று தெருவுக்கு ஓடினாள்.

"ஆன்ட்டி! போகாதீங்க! அவரு சரியாத்தான் போட்டாரு. நான்தான் தின்னுட்டுப் பொய் சொன்னேன்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாவும் திரும்பி வந்தார்.

அத்தை இரண்டு ஆப்பிளையும் வண்டியில் திருப்பி வைத்தாள். "தம்பி, மன்னிச்சிடுங்க. வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்."

"விடுங்கக்கா. பாப்பா, அப்படி என்ன பலகாரம் அது? என் கண்ணுலயும் காட்டேன்."

மறுநாள் பொடிசு, புதிதாகச் செய்த டார்ட்டில் ஒரு துண்டோடு வண்டிக்கு வந்தாள். ஓரம் கோணல்தான். ஆனால் மடிப்பு ரெண்டே விரல் அகலம். நடுவில் பழம் பளபளத்தது.

"முழுசுல ஆறு பழம் அண்ணா. வீட்டுக்கு வந்து எண்ணிப் பாருங்க."

"ஐயோ, எண்ணினா சண்டை வரும். நான் சாப்பிட்டுடறேன்" என்றார் பழக்காரர்.

இந்தத் தடவை நறுக்கும்போது ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை என்கிறாள் பொடிசு. நீங்கள் நம்புகிறீர்களா? நீங்களாக இருந்தால் போட்டிருப்பீர்களா? உண்மையைச் சொல்லி எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.