காற்று எந்தப் பக்கம்?

வேம்பு டீச்சருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. விடிகாலைக் காற்றைப் போல ஒரு மருந்து உலகத்திலேயே கிடையாது என்பதுதான் அது. அதனால் திருவொற்றியூரில் சேவல் கூவுவதற்கு முன்பே அவருடைய விசில் கூவிவிடும்.

கடற்கரையை ஒட்டிய நகராட்சிப் பள்ளி மைதானத்தில் கோ-கோ அணிப் பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள். டீச்சர் வாயில் ஒரு விக்ஸ் மிட்டாயை அதக்கிக்கொண்டு, "மைதானத்தை நாலு சுத்து! ஓடுங்கடி!" என்பார்.

அந்த அணியில் ஆறாம் வகுப்பு நீலாவும் இருந்தாள். இருந்தாள் என்பதைவிட ஒட்டிக்கொண்டிருந்தாள் என்று சொல்லலாம். அவளுக்கு ஆஸ்துமா. இரண்டாவது சுற்றில் நெஞ்சு இறுகும். மூன்றாவது சுற்றில் மூச்சு 'வீஈஈ' என்று சத்தம் போடும்.

அந்த வியாழக்கிழமை, டீச்சரின் விசிலைவிட நீலாவின் விசில்தான் பெரிதாகக் கேட்டது.

அவள் சுவரோரமாகப் போய்த் திரும்பி நின்று, பைக்குள் ஒளித்து வைத்திருந்த ஆஸ்துமா மருந்து பம்ப்பை எடுத்து உறிஞ்சினாள். மூச்சு மெல்ல மெல்லச் சரியானது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே டீச்சர் நிற்கிறார்.

"நீலா, உனக்கு இந்த விளையாட்டு வேண்டாம்மா. எனக்குப் பயமா இருக்கு. கேரம் போர்டு இருக்கு, செஸ் இருக்கு. உட்கார்ந்து ஆடுறதா பார்த்துக்கோ. திங்கட்கிழமை போட்டிக்கு ஆடுறவங்க பேரைக் கொடுக்கணும். உனக்குப் பதிலா வேற பொண்ணைப் போட்டுடறேன்."

திட்டியிருந்தால்கூட நீலா தாங்கியிருப்பாள். டீச்சர் பாசமாகச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் தோழி ஜெரினா அவள் முகத்தை எட்டிப் பார்த்தாள். அணியிலேயே வேகமாக ஓடுகிறவள் ஜெரினாதான்.

"இன்னாடி, அழுவுறியா?"

"அழுவல. கண்ணுல தூசு."

"ரெண்டு கண்ணுலயுமா?"

நீலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "ஆஸ்பத்திரி டாக்டரம்மா கோ-கோ உனக்கு நல்ல ஆட்டம்னு சொன்னாங்கடி. கொஞ்சம் ஓடலாம், கொஞ்சம் உக்காரலாம், மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்னாங்க. எடுத்ததுமே வேகமா ஓடக்கூடாது. ஓடறதுக்கு முன்னாடியே ரெண்டு தபா பம்ப் போட்டுக்கணும். நெஞ்சு இறுக்கிச்சின்னா உடனே நிறுத்திடணும். அவ்ளோதான்."

"அப்ப முன்னாடியே பம்ப் போட்டுக்க உனுக்கு இன்னா கஷ்டம்?"

"எல்லாரும் பாப்பாங்களே!"

"பாத்தா பாக்கட்டும். டீச்சர் மிட்டாய் சப்பறதைக்கூடத்தான் தெனம் பாத்துகினு கீறோம்." ஜெரினா கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஒண்ணுடி. சாயங்காலம் குப்பத்து மணல்ல ஆடறமே, அப்ப உனுக்கு ஒண்ணியும் ஆவறதில்லையே?"

நீலா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார். அது அவள் காதில் விழவே இல்லை.

மறுநாள் இருட்டு பிரியும்போதே நீலா கரைக்குப் போனாள். அவளுடைய நைனா சுப்புராயன் கடலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். படகில் கட்டியிருந்த கொடி கடலைப் பார்த்துப் படபடத்தது.

குப்பத்துப் பிள்ளைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே காற்று தெரிந்துவிடும். அந்த மாதங்களில் விடிகாலையில் கரைக்காற்று வீசும். அது படகைக் கடலுக்குள் தள்ளிவிடும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று. அது படகை வீட்டுக்குக் கூட்டி வரும். நீலாவுக்கும் இது தெரிந்த சங்கதிதான். ஆனால் படகுக்குக் காற்றுப் பார்த்த ஊர், மூக்குக்குக் காற்றுப் பார்த்ததில்லை. கடலோரத்தில் குடியிருக்கிறோம், அதனால் எந்நேரமும் கடல்காற்றுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நீலா கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தூரத்தில் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் தெரிந்தன. அவற்றின் புகை சாய்ந்து சாய்ந்து நேராகக் குப்பத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சினாள். அழுகிய முட்டை நாற்றம்.

"இதுதானா!" என்றாள் நீலா சத்தமாக.

"எது?" என்றார் நைனா.

"அப்பால சொல்றேன் நைனா!" அவள் பள்ளியை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. காரணம்தான் தெரிந்துவிட்டதே!

வேம்பு டீச்சர் வந்தபோது கோ-கோ கம்பத்தின் உச்சியில் ஒரு சிவப்பு ரிப்பன் பறந்துகொண்டிருந்தது.

"யாருடி இது? இங்க என்ன திருவிழாவா?"

"நான்தான் கட்டினேன், டீச்சர்" என்றாள் நீலா. "ரிப்பன் எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாருங்க."

"கடல் பக்கம்."

"அப்ப காத்து எங்கேருந்து வருது?"

டீச்சர் மெதுவாகத் திரும்பினார். கூரைகளுக்கு மேலே புகை வந்துகொண்டிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

"ஐஸ் தண்ணி குடிச்சேன்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதான் தொண்டை..."

"ஒரு மாசமாவா டீச்சர்?" என்றாள் ஜெரினா.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சாயங்காலம் வந்து பாருங்க, டீச்சர். ரிப்பன் திரும்பியிருக்கும்" என்றாள் நீலா. "அப்ப ஒரு தபா என்னை ஆடவுட்டுப் பாருங்க."

"அப்பவும் நெஞ்சு இறுக்கினா?"

நீலா ரிப்பனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "இறுக்கினா, நான் கேரம் போர்டுக்கே போயிடறேன்."

சாயங்காலம் ரிப்பன் மணலியைப் பார்த்துப் பறந்தது. கடல்காற்று ஜிலுஜிலுவென்று வீசியது.

நீலா மைதானத்தின் நடுவில் நின்று, அத்தனை பேர் பார்க்க இரண்டு முறை பம்ப்பை உறிஞ்சினாள். முதலில் நடந்தாள். பிறகு மெல்ல ஓடினாள். கையையும் காலையும் உதறிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. 'கோ' கேட்டு எழுந்தாள், விரட்டினாள், இன்னொருத்திக்குக் 'கோ' கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது, உட்கார்ந்ததும் அடங்கியது. அடுத்த முறை அவள் எழுந்தபோது, எதிரணியில் ஓடிக்கொண்டிருந்த ஜெரினா கம்பத்தைச் சுற்றி வளைந்தாள். நீலா பாய்ந்து அவள் தோளைத் தொட்டுவிட்டாள்.

"அவுட்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"மெய்யாலுமேவா!" என்றாள் ஜெரினா. அவளால் நம்பவே முடியவில்லை.

அப்போதுதான் நீலாவின் நெஞ்சுக்குள் லேசாக ஓர் இறுக்கம். மிக லேசாகத்தான். யாருக்கும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிவிடலாம். ஆனால் அப்படி ஓடிய நாள்களெல்லாம் எப்படி முடிந்தன என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

நீலா கையைத் தூக்கினாள். ஆட்டத்தை விட்டு வெளியே போய் உட்கார்ந்து, மறுபடி பம்ப்பை உறிஞ்சினாள்.

டீச்சர் பக்கத்தில் வந்தார். "என்னாச்சு?"

"லேசா இறுக்கிச்சு, டீச்சர். பெருசா ஆவறதுக்குள்ள வந்துட்டேன்." நீலா தலையைக் குனிந்துகொண்டாள். "கேரம் போர்டு எந்த ரூம்ல கீது?"

டீச்சர் அவள் எதிரில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷமா, விழுற வரைக்கும் ஓடுற பொண்ணுங்களைத்தான் பார்த்திருக்கேன். எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சவளை இப்பதான் பார்க்கறேன். இனிமே உன்னை விளையாட விடுறதுக்கு எனக்கென்ன பயம்?" அவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "திங்கட்கிழமை உன் பேரும் போகுது. ஏய், எல்லாரும் கேளுங்கடி! நாளையிலேருந்து பயிற்சி சாயங்காலம்தான்!"

நீலாவைவிட ஜெரினாதான் அதிகமாகக் குதித்தாள். இனிமேல் அவள் விடிந்த பிறகும் தூங்கலாம்.

நீலா அவசரப்படவில்லை. மூச்சு முழுசாகச் சீராகும் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு வரிசையில் தன் இடத்துக்குப் போய், கையைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தாள்.

முதுகில் ஒரு தட்டு.

"கோ!"

நீலா எழுந்து ஓடினாள்.