வயர் செருகாத துளை

நான் ஒரு சந்தேகப் பிராணி. பதினோரு வருடமாக இவருடைய சட்டைப் பையைத் துழாவாமல் துவைக்கப் போட்டதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவள் என்று நம்பிக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

அந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் குடிபோனதே அதன் கடைசி அறைக்காகத்தான். ஜன்னல் கிடையாது, சுவர் ஒரு முழம் கனம், தெருச் சத்தம் எட்டிக்கூடப் பார்க்காது. நான் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவள். இவர் நாடக அரங்கில் ஒலிப்பதிவாளர்; அங்கே இவருக்கு வைத்த பட்டப்பெயர் பாம்புக்காது. வந்த அன்றே சுவர் முழுக்கக் கம்பளி மாட்டி, மைக்கை நிறுத்தி, கணினி பக்கத்தில் பதிவுப் பெட்டியையும் வைத்துக் கொடுத்தார். அறையில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. கதவைச் சாத்தினால் என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது.

மூன்றாம் நாள் பதிவைத் திரும்பக் கேட்டபோது, என் வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு மூச்சு.

என் மூச்சு எனக்குத் தெரியும். தினமும் அதை வெட்டி வெட்டி எடுப்பதுதானே என் பிழைப்பு. இது வேறொரு பெண்ணுடையது.

எனக்குப் பேய் ஞாபகம் வரவில்லை. இவர் ஞாபகம்தான் வந்தது. இங்கே குடிவருவதற்கு முன், போன மாதம் ஒரு வாரம் அக்கா வீட்டில் இருந்தேனே, அப்போது இந்த மைக்கின் முன்னால் யாரை உட்கார வைத்தார்? எதையோ சரியாக அழிக்காமல் விட்டிருக்கிறார்.

"அது அனலாக் வயர் பண்ற வேலை," என்றார் சாவதானமாக. "மைக்லேருந்து வர்ற வயர் ஆன்டெனா மாதிரி. பக்கத்து வீட்டு ரேடியோ, தெருவுல போற போன், எல்லாத்தையும் இழுத்துக்கும். டிஜிட்டல் மைக் கொண்டு வர்றேன். அதுல சத்தம் உள்ளேயே எண்ணா மாறிடும். நடுவுல எவனும் நுழைய முடியாது."

"எவன் இல்ல. எவளோ."

முறைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சொன்னபடி கொண்டு வந்தார். பழைய மைக் பரணுக்குப் போயிற்று. புதியதைப் பெட்டியின் டிஜிட்டல் துளையில் செருகினார். அனலாக் துளை காலி. மூச்சும் நின்றுவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். நானோ, இவ்வளவு சுலபமாக ஒழிந்தது என்றால் அது இவருக்குத் தெரிந்த சமாச்சாரம்தான் என்று முடிவுகட்டினேன்.

எனக்கு ஒரு பழக்கதோஷம். பதிவைத் தொடங்கும்போது திரையில் அனலாக், டிஜிட்டல் என்று இரண்டு தடங்களையும் ஓடவிட்டுவிடுவேன். வயரே இல்லாத துளையிலிருந்து என்ன வரப்போகிறது? படுத்த கோடுதான். அதனால் நாலு நாள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் தற்செயலாகப் பார்த்தேன்.

கோடு அலையலையாக எழுந்திருந்தது.

ஹெட்போனை மாட்டினேன்.

ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, என்னைவிட நன்றாக.

ஆத்திரம் கண்ணை மறைத்தது. அரங்குக்குப் போன் போட்டு வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "உங்க ஆளு வாசிச்சு வச்சிருக்கா. வந்து கேளுங்க!"

அரை மணியில் வந்து, நின்றபடியே கேட்டார். முகம் வெளுத்தது. வசமாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

"இன்னிக்கு எதுவரைக்கும் படிச்ச?"

"நாப்பதாம் பக்கம்."

மேசையிலிருந்த தாள்களைப் புரட்டினார். இன்னும் அச்சேறாத புத்தகம். அன்று காலையில்தான் வந்தது. உறையைக் கிழித்தவள் நான். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தார்.

அவள் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். நானே இன்னும் பார்க்காத பக்கம்.

"மன்னிச்சிடுங்க," என்றேன், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக. அது அவர் காதில் விழவில்லை. ஹெட்போனை மறுபடி இரண்டு காதுக்கும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"பக்கம் முடிஞ்சிடுச்சு," என்று கிசுகிசுத்தார். "இன்னும் பேசறா."

"என்ன சொல்றா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல."

அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். கண்ணாடியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நான் கை நீட்டுவதற்குள் பதிவை அழித்துவிட்டார்.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தோம். புது வீடு நாலாவது மாடி. நல்ல வெளிச்சம், காற்று, பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் கூச்சல். அனலாக் துளையின் மேல் நானே டேப் ஒட்டினேன். ஆனால் இவர் நான் வைத்த தண்ணீரை முகர்ந்துவிட்டுத்தான் குடிக்கிறார். படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். என் புருஷன் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார். பயமாக இருக்கிறது.

நேற்று கடையிலிருந்து சீக்கிரமே திரும்பினேன். பட்டப்பகல். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. இவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், இரண்டு காதிலும் ஹெட்போன். செருப்பைக் கழற்றிவிட்டு அடிமேல் அடி வைத்து நெருங்கினேன்.

டேப்பை உரித்திருந்தார். துளையில் வயர் இல்லை. திரையில் கோடு மட்டும் எழுந்து எழுந்து அடங்கியது.

அவர் திரும்பவில்லை. பெட்டியைப் பார்த்து, மிக மெல்லக் கேட்டார்.

"இப்ப எவ்வளவு கிட்ட நிக்கறா?"

கோடு ஒருமுறை துள்ளியது. அவருடைய தோள்கள் இரண்டும் விறைத்தன.