சுரங்கக் கதவுக்குப் பின்னால்

ஜெர்சி சிட்டிப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். இங்கிலாந்தில் நீராவி எந்திரம் வந்த காலத்துக் கதை. கயல்தான் எந்திரம் செய்யும் விஞ்ஞானி. உயரமான கறுப்புத் தொப்பி, கடைசியில் நீளமான வசனம். கேட்கவா வேண்டும்! அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த தர்சனாவுக்கு ஆங்கிலம் தடுமாறும். அதனால் டீச்சர் அவளுக்கு வசனமில்லாத வேடம் கொடுத்தார். எந்திரங்களின் பசிக்கு நிலக்கரி வேண்டுமே! அதற்காக அந்தக் காலத்துச் சின்னப் பிள்ளைகள் சுரங்க இருட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து, கரிவண்டி வரும்போது கதவைத் திறப்பார்களாம். என்ன பிழைப்போ, பாவம்! தர்சனாவும் அட்டைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் போதும். ஒத்திகையெல்லாம் நல்ல வெளிச்சத்தில்தான் நடந்தது.

நாடகத்தன்று கயலின் அப்பா சேனாபதி வேலைக்கு லீவு போட்டு, புது வீடியோ கேமராவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் வசனம் பேசுவதைப் படம்பிடித்துக் கோயம்புத்தூரில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்ப வேண்டுமாம்.

விளக்குகள் அணைந்தன; மேடையோரம் மட்டும் லேசான வெளிச்சம். கரிவண்டி உருண்டு வந்து கதவில் முட்டி நின்றது. கதவு திறக்கவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

பக்கத்தில் நின்ற கயல் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தர்சனா காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

“குண்டு போடேக்க பதுங்குகுழிக்குள்ள இப்பிடித்தான் இருந்தனாங்கள்,” என்றாள்.

அடுத்தது கயலின் வசனம். அப்பாவின் கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்து, தர்சனாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

வீட்டில் எதற்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற பெண், இப்போது தமிழில் பேசினாள். “நான் போகமாட்டேன். கையப் பிடிச்சுக்கோ. சேர்ந்து இழுக்கலாம்.”

கதவு திறந்தது. வண்டி போனது, எந்திரமும் ஓடியது. விளக்கு எரியும்வரை தர்சனா பிடித்த கையை விடவில்லை. விஞ்ஞானியின் வசனத்தை டீச்சரே படித்து ஒப்பேற்றினார்.

மாலையில் அப்பா வாடிய முகத்தோடு படத்தைப் போட்டார். திரை முழுக்க இருட்டு.

“இதுல நீ எங்கம்மா இருக்க?”

கயல் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. திரையின் இருட்டில் அட்டைக் கதவு மங்கலாகத் தெரிந்து மெல்லத் திறந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இங்கதாம்ப்பா.”

அப்பா கேசட்டைப் பின்னால் ஓட்டி, அந்தக் கதவு திறப்பதை மறுபடியும் பார்த்தார்.