ஏழாம் கதவின் டைமர்

"ஐயோ... அண்ணா!"

ஸ்டேஷன் ஜன்னலுக்கு வெளியே நின்று அலறினாள் அவள்.

உள்ளே லத்தி மறுபடி இறங்கியது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அவள் அண்ணன், இரண்டு பற்களை ரத்தத்தோடு தரையில் துப்பினான்.

இன்ஸ்பெக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அடித்த களைப்பு!

"இங்க பாரும்மா... கோடவுன் முதலாளியைக் காலையில பத்துக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல மண்டையை உடைச்சுக் கொன்னிருக்காங்க. அடிச்ச கம்பி உன் அண்ணன் வண்டியில இருந்தது. நாலு மணிக்குக் கோர்ட். அதுக்குள்ள ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா மிச்சப் பல்லு மிஞ்சும்!"

"அந்தக் கோடவுன்ல சென்சார் மாட்டினதே நான்தான் சார்... ஒரு மணி நேரம் குடுங்க!"

அவர் காதருகே குனிந்து இன்னும் ஏதோ சொன்னாள். அவர் முகம் சுளித்தார்... கடைசியில் தலையாட்டினார்.

கோடவுன்.

கதவுக்குக் கதவு, அலமாரிக்கு அலமாரி அவள் மாட்டிய சின்னச் சின்ன சென்சார் பெட்டிகள். ஒயரே கிடையாது. ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும். தெருவில் வம்பு பரவுகிற மாதிரிதான்!

ஏழாம் கதவருகே ரத்தம் இன்னும் காயவில்லை. அங்கே நின்றிருந்தார் மேனேஜர். செத்தவரின் சொந்தத் தம்பி.

"கதவு எப்பத் திறந்துச்சுன்னு உன் பெட்டி சொல்லலையாமே?"

"எப்படிச் சொல்லும் சார்? கொலைகாரன் பேட்டரியைக் கழட்டிட்டான். வேலை முடிஞ்சதும் சமர்த்தா திருப்பி மாட்டிட்டான்."

"அப்ப எல்லாம் அழிஞ்சிருக்கும்... பாவம், உன் அண்ணன்!"

"அழிஞ்சுதான் போச்சு. ஆனா பேட்டரி மாட்டின நொடியிலேர்ந்து உள்ள இருக்கற டைமர் பூஜ்யத்துலேர்ந்து எண்ண ஆரம்பிக்கும் சார். இதுவரைக்கும் எண்ணினதைக் கழிச்சா, மாட்டின நேரம் தெரிஞ்சிடும்!"

மேனேஜர் மெல்ல ஷட்டர் பக்கம் நகர்ந்தார்.

லேப்டாப் திரையில் எண்கள் ஓடின. அவள் நிமிர்ந்தாள்.

"இப்ப மணி மூணு. மூணே முக்கால் மணி நேரமா எண்ணியிருக்கு. அப்படின்னா பதினொண்ணே கால்! அப்ப என் அண்ணன் கேட்ல லாரி டிரைவர்கூட நின்னுட்டிருந்தான். இந்தக் கதவுச் சாவி இன்னொண்ணு உங்ககிட்டதான் இருக்கு. நீங்களோ பன்னெண்டு மணிக்குத்தான் வந்தேன்னு..."

டமார்!

ஷட்டர் கீழே விழுந்தது.

மேனேஜர் கையில் ஒரு கம்பி! அடுத்த நொடி அது அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. சுருண்டு விழுந்தவளின் கழுத்தில் சார்ஜர் ஒயரைச் சுற்றி இறுக்கினான்.

ஆமாம், இனி இவனுக்கு மரியாதை எதற்கு?

"உன் மெஷின் தப்பு சொல்லுதுடி! மாட்டினப்ப பதினொண்ணரை! கூடப் பொறந்தவனே எல்லார் முன்னாடியும் என்னை அறைஞ்சான்ல... ஒரே அடியில போயிடுவான்னு பார்த்தேன். சனியன், பதினஞ்சு நிமிஷம் துடிச்சான்!"

அவள் கண்கள் பிதுங்கின. கால்கள் தரையை உதைத்தன... மெல்ல மெல்ல அடங்கின...

தடால்!

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நாலு போலீஸ்காரர்கள் பாய்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் விட்ட உதையில் மேனேஜரின் மூக்கு உடைந்தது.

அவள் சட்டைப்பைக்குள்ளிருந்த போன் இன்னமும் இன்ஸ்பெக்டரின் போனோடு பேசிக்கொண்டிருந்தது.

"முதல்ல... என் அண்ணனை விடுங்க சார்..." இருமினாள்.

"விடச் சொல்லிட்டேன்மா." குரலில் கொஞ்சம் வெட்கம். "அந்த டைமரையும் கழட்டிக் குடு. கோர்ட்டுக்கு வேணும்."

"அது எதுக்கு சார்? எழுபத்தொரு நிமிஷம் ஆனா அதுக்கு எண்ண இடம் தீர்ந்துடும். மறுபடி பூஜ்யம். எத்தனை சுத்து சுத்துச்சுன்னு அதுக்கே தெரியாது!"

மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த மேனேஜர் வாயைப் பிளந்தான்.

"அப்ப பதினொண்ணே கால்?"

"அண்ணன் கேட்ல நின்ன நேரம். சும்மா அடிச்சு விட்டேன்."

இன்ஸ்பெக்டர் மேனேஜரின் தோளைத் தட்டினார்.

"ரொம்ப தேங்க்ஸ்யா... மெஷினே மறந்து போனதை நீ நிமிஷம் பிசகாம ஞாபகம் வெச்சுத் திருத்திக் குடுத்தே பாரு!"